எந்தப் பொருளைத் திறந்தாலும் பரிந்துரையில் ஏத்தங்காய் சிப்ஸ்தான். எங்கே தப்பு?

மார்த்தாண்டம்_சந்தை:

எல்லாருக்கும் வணக்கம். நம்ம கன்னியாகுமரி மாவட்டச் சாமான்களை ஆன்லைனில் விற்கிற கடை. ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ், சக்கை (பலா) வற்றல், கருப்பட்டி, தேன், மாறாமலைக் கிராம்பு, நல்லமிளகு, முந்திரிக்கொத்து, கொஞ்சம் பனையோலைப் பொருட்கள், சீசனில் மட்டி வாழைப்பழம். மொத்தம் 180 ஐட்டம். மாதம் 30,000 பேர் வருகிறார்கள், 600 ஆர்டர் விழுகிறது. போன 12 மாதத்தில் 7,200 ஆர்டர். அதில் இரண்டோ அதற்கு மேலோ பொருள் இருந்தவை 3,000.

கடை மென்பொருளோடு வந்த பிளகின் ஒன்று "இதையும் வாங்கினார்கள்" என்று நாலு பெட்டி காட்டும். கிராம்பைத் திறந்தால் சிப்ஸ். தேனைத் திறந்தால் சிப்ஸ். பனையோலைப் பெட்டிக்குக் கீழேயும் சிப்ஸ்! மாதச் சந்தா கட்டினால் ஏஐ பர்சனலைசேஷன் போட்டுத் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அது தேவையா, இருக்கிற டேட்டாவை வைத்து நாமே செய்ய முடியுமா? புதிதாக வரும் பொருளை எப்படிக் காட்டுவது? மாற்றியபின் உண்மையிலேயே பலன் இருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது?

கோட்டார்_கணக்கு:

பிளகின் பொய் சொல்லவில்லை. அது வெறும் எண்ணிக்கையை வைத்து வரிசைப்படுத்துகிறது, அவ்வளவுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். நான் போடும் எண்கள் எடுத்துக்காட்டுக்கு. உங்கள் டேட்டாவில் எண்ணி மாற்றிக்கொள்ளுங்கள்.

3,000 கூடைகளில் சிப்ஸ் 1,200 கூடையில் இருக்கிறது என்று வையுங்கள், அதாவது 40 சதவீதம். கிராம்பு 90 கூடையில், நல்லமிளகு 150 கூடையில். கிராம்பும் மிளகும் சேர்ந்தது 36. கிராம்பும் சிப்ஸும் சேர்ந்தது 40. எண்ணிக்கையில் பார்த்தால் 40 ஜெயிக்கும், சிப்ஸ் முதலில் வரும். ஆனால் கிராம்பு வாங்காதவனும் நூற்றுக்கு 40 பேர் சிப்ஸ் வாங்குகிறானே! கிராம்பு வாங்கியவர்களில் நூற்றுக்கு 44 பேர் என்பது ஒரு சேதியே இல்லை.

ஆகவே லிஃப்ட் கணக்கிடுங்கள். சேர்ந்த கூடை × மொத்தக் கூடை ÷ (முதல் பொருளின் கூடை × இரண்டாம் பொருளின் கூடை). மிளகுக்கு 36 × 3,000 ÷ (90 × 150) = 8. சிப்ஸுக்கு 40 × 3,000 ÷ (90 × 1,200) = 1.11. தற்செயலாக நடந்தால் 1 வரும். மிளகு அதைப்போல 8 மடங்கு, சிப்ஸ் தற்செயலை ஒட்டியே கிடக்கிறது.

இதோடு நிறுத்தினால் அடுத்த பள்ளத்தில் விழுவீர்கள். வருஷம் முழுக்க 3 கூடையில் மட்டும் போன ஒரு பனையோலைப் பெட்டி, அதில் ஒரு தடவை கிராம்போடு போயிருக்கிறது. லிஃப்ட் 1 × 3,000 ÷ (3 × 90) = 11.1. ஒரே ஒரு ஆள் வாங்கியது 36 பேர் வாங்கியதைத் தள்ளிவிட்டு மேலே ஏறிவிடும். லிஃப்ட் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு "இது சரிவராது" என்று விட்டுவிடுபவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். மருந்து சின்னது: சேர்ந்த எண்ணிக்கை n என்றால் லிஃப்டை n ÷ (n + 10) ஆல் பெருக்குங்கள். மிளகு 8 × 36/46 = 6.3. பெட்டி 11.1 × 1/11 = 1. சிப்ஸ் 1.11 × 40/50 = 0.9. வரிசை சரியாகிவிட்டது. அந்த 10 ஒன்றும் வேதவாக்கு இல்லை. கூடை குறைவான கடைக்கு 10, லட்சக்கணக்கில் இருந்தால் கூட்டிக்கொள்ளலாம். கூடவே, 5 தடவைக்குக் கீழ் சேர்ந்த ஜோடியைப் பட்டியலிலேயே சேர்க்காதீர்கள்.

ஒரு பொருள் மட்டும் உள்ள 4,200 ஆர்டரை இந்தக் கணக்கில் கொண்டுவராதீர்கள். "எது எதோடு போகும்" என்ற கேள்விக்கு அந்த ஆர்டர்களிடம் பதிலே இல்லை.

180 பொருளுக்கு 16,110 ஜோடி. சாதாரண டேட்டாபேஸில் ஆர்டர் வரிகளின் அட்டவணையை அதனோடேயே இணைத்து, முதல் பொருளின் எண் இரண்டாவதைவிடச் சின்னது என்ற நிபந்தனை போட்டால் நொடிக்கணக்கில் முடிந்துவிடும். ராத்திரி ஒரு தடவை ஓட்டி, பொருளுக்கு 8 துணை வீதம் 1,440 வரியைச் சேமித்து வையுங்கள். பக்கம் திறக்கும்போது அதில் சரக்கு இருப்பில் உள்ள முதல் 4 போதும். சந்தா கட்டி வாங்க இதில் ஒன்றும் இல்லை.

வடசேரி_நிரலர்:

கோட்டார் அண்ணாச்சி சொன்ன சூத்திரம் சரி. ஆனா அதுக்குள்ள போற டேட்டா அழுக்கா இருந்தா லிஃப்டும் அழுக்காத்தான் வரும். எண்ணுறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க.

பாக்கெட் அளவு. 250 கிராம் சிப்ஸ், 500 கிராம் சிப்ஸ், 1 கிலோ சிப்ஸ் மூணும் தனித்தனி ஐட்டமா இருந்தா, 250 கிராமுக்குக் கீழ 500 கிராமைக் காட்டும். எல்லாத்துக்கும் ஒரு தாய்ப் பொருள் எண் கொடுத்து அந்த எண்ணுலதான் கணக்குப் போடணும். 180 ஐட்டம்னு நீங்க சொல்றது அளவோட சேத்தா, சேக்காமலா?

காம்போ. கிறிஸ்மஸ் பெட்டியை ஒரே ஐட்டமா வித்தாலும் சில மென்பொருள் ஆர்டருக்குள்ள அதை அஞ்சு வரியாப் பிரிச்சு எழுதிரும். அப்போ அந்த அஞ்சு சாமானும் ஒண்ணுக்கொண்ணு ரொம்ப நெருக்கம்னு காட்டும். வாடிக்கையாளர் சேத்ததில்ல, நீங்க சேத்தது.

மொத்த வியாபார ஆர்டர். இரண்டு பொருள் கூடையில ஒரு ஜோடி. 20 பொருள் கூடையில 190 ஜோடி. ஒரு மளிகைக்கடைக்காரர் ஒரே தடவை அள்ளிட்டுப் போனா உங்க அட்டவணையையே வளைச்சிருவார். 15 பொருளுக்கு மேல உள்ள கூடையை விட்டுருங்க, இல்லேன்னா கூடையில k பொருள் இருந்தா ஒவ்வொரு ஜோடிக்கும் 1 ÷ (k − 1) மதிப்பு கொடுங்க.

கேன்சல் ஆனது, டெலிவரி வாங்காம திரும்பி வந்த கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர், ரெண்டையும் எடுத்திருங்க.

அடுத்தது, இது நம்ம ஊர் பிரச்சனையாக்கும்: சீசன். பழைய ஆர்டருக்கு மதிப்பைக் குறைச்சுக்கிட்டே வரணும்னு எல்லாரும் சொல்லுவாங்க, 90 நாளில் பாதி என்கிற மாதிரி. அப்படிச் செஞ்சா ஓணம் வாரப்போ போன ஓணத்து டேட்டா சுத்தமாத் தேஞ்சு போயிருக்கும். சர்க்கரை வரட்டி (வெல்லம் சேத்த ஏத்தங்காய்) அந்த நேரத்தில மேல வரவே வராது. போன வருஷம் அதே தேதியைப் பாக்கலாம்னாலும் சிக்கல்: திருவோணம் 2023ல ஆகஸ்ட் 29, 2024ல செப்டம்பர் 15, 2025ல செப்டம்பர் 5. தேதியை வச்சா ரெண்டு வாரத்துக்கு மேல தள்ளிப் போகும். அதனால "திருவோணத்துக்கு எத்தனை நாள் முன்னாடி" அப்படின்னு அட்டவணையில ஒரு நெடுவரிசை போட்டு அதை வச்சு எண்ணுங்க. கிறிஸ்மஸுக்கு இந்தத் தலைவலி இல்ல. மண்டைக்காடு கோயில் மாசிக் கொடைக்கு உங்க ஆர்டரில மாற்றம் தெரிஞ்சா அதையும் இதே மாதிரி நாள் கணக்கில வைக்கலாம்.

மட்டிப்பழம் விக்கிறீங்கன்னா, அதைப் பரிந்துரையில போடுறதுக்கு முன்னாடி பின்கோடு கேளுங்க. 629 (குமரி), 695 (திருவனந்தபுரம்)ல தொடங்குறதுக்குக் காட்டலாம். டெல்லிக்காரருக்கு அதைக் காட்டி, கார்ட்டில போட்டபிறகு "உங்கள் பகுதிக்கு அனுப்ப இயலாது"ன்னு சொன்னா அந்த ஆர்டரே போச்சு. ஐபி முகவரியை வச்சு ஊரைக் கண்டுபிடிக்கலாம்னு நம்பாதீங்க. குலசேகரத்தில உக்காந்து மொபைல் டேட்டாவில பாக்கிறவரைச் சென்னைன்னோ கொச்சின்னோ காட்டும். பின்கோடு பெட்டியைப் பொருள் பக்கத்திலேயே மேலே வச்சு, ஒரு தடவை போட்டா நினைவில வச்சுக்கங்க.

மார்த்தாண்டம்_சந்தை:

அளவோடு சேர்த்துத்தான் 180. தாய்ப் பொருள் என்று பார்த்தால் 70 சொச்சம்தான் தேறும். காம்போ எங்களிடமும் பிரிந்துதான் விழுகிறது, இப்போதுதான் பார்த்தேன்.

வாடிக்கையாளரை வைத்து, "உங்களுக்காக" என்று ஆளுக்கு ஆள் மாறுகிற மாதிரி செய்ய வேண்டாமா? அந்த நிறுவனம் மேட்ரிக்ஸ் ஃபேக்டரைசேஷன் என்கிறது, யார் எதை வாங்கினார் என்ற அட்டவணையிலிருந்து ஒவ்வொருவரின் ரசனையையும் ஊகிக்கும் முறையாம்.

கோட்டார்_கணக்கு:

ஆளுக்கு ஆள் மாற வேண்டுமென்றால் ஆளைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் 2006ல் போட்டி வைத்தபோது கொடுத்த டேட்டாவில் 4.8 லட்சம் பேர், 17,770 படம், 10 கோடி மதிப்பீடு. ஆளுக்குச் சராசரி 200க்கு மேல். உங்கள் வாடிக்கையாளரில் பெரும்பாலோர் ஒன்றோ இரண்டோ தடவை வாங்கியிருப்பார்கள். இரண்டு புள்ளியை வைத்து ஒருவரின் ரசனையைக் கோடு போட முடியாது. மாடல் கடைசியில் "எல்லாருக்கும் பிடித்தது" பக்கமே சாயும். அதாவது மறுபடியும் சிப்ஸ். அந்தப் போட்டியில் 2009ல் 10 லட்சம் டாலர் வென்ற இறுதிக் கலவை மாடலை முழுசாக அப்படியே நெட்ஃபிளிக்ஸ் பயன்பாட்டுக்குக் கொண்டுவரவும் இல்லை. கிடைக்கும் கூடுதல் துல்லியம் அதற்கான உழைப்புக்கு ஈடாகவில்லை என்று 2012ல் அவர்களே எழுதினார்கள்.

அமேசான்காரர்கள் 2003ல் எழுதிய கட்டுரையும் பொருளுக்குப் பொருள் ஒப்பிடும் வழியைத்தான் சொல்கிறது, ஆளுக்கு ஆள் ஒப்பிடுவதை அல்ல. பொருள்-பொருள் அட்டவணையை முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கலாம். ஆள் வந்ததும் அவர் கார்ட்டில் இருப்பதை வைத்துத் தேடி எடுத்தால் போதும். உங்களுக்கும் அதுவே பர்சனலைசேஷன்: கார்ட்டில் உள்ள ஒவ்வொரு பொருளின் துணைப் பட்டியலையும் எடுத்து, மதிப்பெண்ணைக் கூட்டி, ஏற்கெனவே உள்ளதை நீக்கிவிட்டுக் காட்டுங்கள்.

ஆளை வைத்துச் செய்ய ஒன்று மட்டும் உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். திரும்ப வாங்கும் இடைவெளி. தேங்காய் எண்ணெய், கருப்பட்டி, மிளகு எல்லாம் தீர்ந்தால் மறுபடி வாங்குபவை. ஒருவரின் இடைவெளி 28, 31, 33, 35, 140 நாள் என்றால் சராசரி 53 வரும், அது யாருக்கும் பொருந்தாது. நடு எண் 33. அதிலிருந்து கூரியர் நாள் 4 கழித்து 29ம் நாள் வாட்ஸ்அப்பில் கேளுங்கள். குத்துவிளக்கு வாங்கியவருக்கு மறுவாரம் குத்துவிளக்கு காட்டும் அபத்தமும் இதில் அடங்கிவிடும்: தாய்ப் பொருள் பட்டியலில் "தீரும் / தீராது" என்று ஒரு நெடுவரிசை சேர்த்துக்கொள்ளுங்கள்.

தக்கலை_தேடல்:

எல்லாரும் பரிந்துரைப் பெட்டியையே பேசுகிறீர்கள். தேடல் பெட்டியை யாராவது பார்த்தீர்களா? 180 ஐட்டக் கடையில் ஒருவர் என்ன தேடினார் என்பதைவிட நல்ல சிக்னல் கிடையாது.

"எதுவும் கிடைக்கவில்லை" என்று பதில் வந்த தேடல்களை ஒரு மாதம் சேர்த்து வரிசைப்படுத்துங்கள். நாம் நல்லமிளகு என்று எழுதி வைத்திருப்போம். மதுரைக்காரர் மிளகு என்று தேடுவார், திருவனந்தபுரத்துக்காரர் குருமிளகு என்பார். சக்கை – பலா. மரச்சீனி – மரவள்ளி – கப்பை. ஏத்தங்காய் – நேந்திரங்காய். கருப்பட்டி – பனைவெல்லம். இதையே ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக அடிப்பார்கள். பொருள் பட்டியலில் மாற்றுப்பெயருக்கு ஒரு நெடுவரிசை வைத்து எல்லாவற்றையும் கையால் போடுங்கள். 70 பொருளுக்கு ஒரு நாள் வேலை.

தமிழ் எழுத்தில் இரண்டு கண்ணி இருக்கிறது. முதலாவது, ஒகர உயிர்மெய். "கொத்து" என்பதில் உள்ள கொம்பும் காலும் ஒரே யூனிகோடு குறியாகவும் இருக்கலாம், இரண்டு தனிக் குறியாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு. முந்திரிக்கொத்து கடையில் இருந்தும் தேடலில் வராததற்கு இது காரணமாக இருக்கலாம். சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றிவிடுங்கள். இரண்டாவது, எழுத்தை எண்ணி வெட்டுவது. தட்டச்சு செய்யும்போதே பரிந்துரை காட்ட, சொல்லின் முதல் சில குறிகளை வெட்டி இன்டெக்ஸ் செய்வார்கள். "மிளகு"வில் உகரக் குறி தனி. அது வெட்டுப்பட்டால் "மிளக" மிஞ்சும். அது "மிளகாய்"க்கும் பொருந்தும். மிளகு தேடியவருக்கு மிளகாய்ப்பொடி முதலில் வந்தால் காரணம் இதுதான். குறியை எண்ணாமல் முழு எழுத்தை எண்ணி வெட்ட வேண்டும்.

புதுப் பொருள் பற்றிக் கேட்டிருந்தீர்களே. ஆர்டரே இல்லாததற்கு லிஃப்ட் வராது. இவ்வளவு சின்னக் கடைக்கு எம்பெடிங் (பொருளின் விவரத்தை எண்களாக்கி ஒப்பிடும் முறை) எல்லாம் எதற்கு? பட்டியலில் ஏற்றும்போதே அதற்கு மூன்று துணையை நீங்களே எழுதுங்கள். கருப்பட்டிக்குச் சுக்கு, நல்லமிளகு, திப்பிலி என்று போட எந்த மாடலும் வேண்டாம், சுக்குக்காப்பி போடத் தெரிந்தால் போதும். ஆர்டர் சேரச் சேரக் கணக்கு மதிப்பெண் அதை முந்திக்கொள்ளும்.

பத்மநாபபுரம்_சோதனை:

கையால் எழுதிய துணை விஷயத்தில் தக்கலைக்காரரோடு பாதிதான் உடன்படுவேன். எழுதலாம். ஆனால் காட்டினால்தான் வாங்குவார்கள், வாங்கினால்தான் எண்ணிக்கை ஏறும், ஏறினால் மறுபடி காட்டுவீர்கள். சிப்ஸ் இப்படிச் சுற்றிச் சுற்றித்தான் இவ்வளவு உயரம் வந்திருக்கும். நாலு பெட்டியில் ஒன்றை ஒதுக்கி வையுங்கள்: 30 நாளுக்குள் ஏற்றிய பொருளோ, குறைவாகக் காட்டப்பட்ட பொருளோ மாறி மாறி அதில் வரட்டும். அந்தப் பெட்டியின் வழியாகக் கார்ட்டுக்குப் போன வரியில் ஒரு அடையாளம் போட்டுவையுங்கள். எது தானாக வாங்கியது, எது நீங்கள் காட்டி வாங்கியது என்று பிரிக்க வேறு வழியில்லை.

அளப்பது. பெட்டியைச் சொடுக்கியவர் எண்ணிக்கையை நம்பாதீர்கள். இடது ஓரத்து முதல் பெட்டியில் எதை வைத்தாலும் அதைத்தான் அதிகம் தொடுவார்கள். ஒரு வருகையாளருக்கு எத்தனை ரூபாய் வந்தது, அல்லது நூற்றுக்கு எத்தனை பேர் வாங்கினார்கள், இதுதான் கணக்கு.

ஏ/பி சோதனை என்றால், அதாவது வருகையாளர்களை இரண்டு பக்கமாகப் பிரித்து ஒரு பக்கத்துக்குப் பழையதும் மறுபக்கத்துக்குப் புதியதும் காட்டுவதென்றால், எத்தனை பேர் வேண்டும்? தோராயச் சூத்திரம்: பக்கத்துக்கு 16 × p × (1 − p) ÷ d². இதில் p வாங்கும் வீதம், d கண்டுபிடிக்க விரும்பும் வித்தியாசம். உங்கள் வாங்கும் வீதம் 2 சதவீதம். அது 2.4 ஆகிறதா என்று பார்க்க d = 0.004. 16 × 0.02 × 0.98 ÷ 0.000016 = 19,600. இரண்டு பக்கமும் சேர்த்து 39,200 பேர், அதாவது 40 நாள். செய்யலாம். ஆனால் 2 என்பது 2.1 ஆகிறதா என்று பார்க்க வேண்டுமானால் பக்கத்துக்கு 3,13,600. உங்கள் வரவுக்கு 21 மாதம்! ஆகவே பெட்டியின் நிறம், தலைப்பின் வாசகம் இதெல்லாம் சோதிக்காதீர்கள். பழைய பிளகின் ஒரு பக்கம், புது அட்டவணை ஒரு பக்கம், அவ்வளவுதான். 40 நாளுக்குள் ஓணமோ கிறிஸ்மஸோ குறுக்கிடாமல் தேதி வையுங்கள். நாலாம் நாள் பார்த்து "ஜெயித்துவிட்டது" என்று நிறுத்தவும் கூடாது.

ஆளைப் பிரிக்கும்போது ஒரே ஆள் இரண்டு பக்கத்திலும் விழாமல் பார்க்க வேண்டும். இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே லிங்கைத் திறந்தால் அங்குள்ள குக்கி (ஆளை அடையாளம் காண உலாவியில் வைக்கும் சிறு குறிப்பு) வேறு, குரோமில் திறந்தால் வேறு. ஸ்கிரிப்ட் வழியாக வைத்த குக்கியைச் சஃபாரி 7 நாளில் அழித்துவிடும். ஆகவே சர்வரிலிருந்து வையுங்கள். உள்நுழைந்தவருக்குக் கணக்கு எண்ணின் ஹேஷை (ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒரே மாதிரி வரும் குறியீட்டை) வைத்துப் பிரியுங்கள்.

வடசேரி_நிரலர்:

ஒண்ணு விட்டுப்போச்சு. நம்ம மாவட்டத்தில கல்ஃபில இருக்கிற மகன் பணம் கட்டுவான், சாமான் குழித்துறையில அம்மா வீட்டுக்குப் போகும். அதே நம்பர்ல அவன் கூட்டுக்காரனுக்குச் சென்னைக்கு சிப்ஸ் அனுப்புவான். போன் நம்பரை மட்டும் வச்சா ரெண்டும் ஒரே ஆளாத் தெரியும், மறுவாங்கல் இடைவெளியும் குழம்பிப் போகும். போன் நம்பரோட டெலிவரி முகவரியையும் சேத்து ஒரு சாவியா வைங்க. "அம்மாவுக்கு அனுப்பியது மறுபடி அனுப்பவா?" அப்படின்னு கேக்கிற மாதிரி வரும்.

இன்னொண்ணு, டெலிவரிக்காக வாங்கின நம்பரைப் பரிந்துரைச் செய்திக்குப் பயன்படுத்தணும்னா தனியா ஒப்புதல் வாங்கிருங்க. 2023ம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எதுக்காக வாங்கினோமோ அதுக்குத்தான் பயன்படுத்தணும்னு சொல்லுது; ஒப்புதல் கொடுக்கிற அளவுக்கே அதைத் திரும்ப எடுக்கிறதும் சுலபமா இருக்கணும். 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களோட நடத்தையைப் பின்தொடரவும், அவங்களைக் குறிவச்சு விளம்பரம் காட்டவும் அதில தடை இருக்கு. "நீங்கள் பார்த்தவை" பட்டையில ஒரு அழிக்கிற பட்டன் வைங்க. இல்லேன்னா, ஒரு வீட்டுக்கு ஒரே போன்னு இருக்கிற இடத்தில, பரிசா வாங்கிவச்ச சாமான் என்னன்னு அதைக் கொடுக்கிறதுக்கு முன்னாடியே வீட்டில தெரிஞ்சிரும்.

மார்த்தாண்டம்_சந்தை:

காம்போ வரிகளையும் 15க்கு மேல் உள்ள கூடைகளையும் எடுத்துவிட்டு எண்ணினேன். 3,000 கூடை 2,310 ஆகக் குறைந்துவிட்டது. கிராம்புக்கு முதல் துணை நல்லமிளகு, அடுத்து ஏலக்காய். சிப்ஸ் பட்டியலிலேயே இல்லை. ஆனால் இப்போது எல்லாப் பொருளுக்கும் 50 கிராம் மரச்சீனி வற்றல் துணையாக நிற்கிறது. அது 699 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்களுக்கு நாங்கள் இலவசமாக வைப்பது. பில்லில் 0 ரூபாய் என்று வரும்.

கோட்டார்_கணக்கு:

அந்த இலவசம் 699 ரூபாய்க்கு மேல் போன கூடைகளில் மட்டும் இருப்பதால்தான் இப்படி. எல்லாக் கூடையிலும் ஒரே மாதிரி இருந்திருந்தால் லிஃப்ட் 1ஐத் தாண்டியிருக்காது. 0 ரூபாய் வரிகளை எடுத்துவிடுங்கள். அதை எடுத்தபின் ஒரு பொருள் மட்டும் மிஞ்சுகிற கூடைகளையும் எடுக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். 2,310 இன்னும் குறையும். 1,500க்குக் கீழே போனால் n + 10ஐ n + 5 ஆக்கிப் பாருங்கள். கிராம்பு, தேன், கருப்பட்டி மூன்றின் பட்டியலையும் இங்கே போடுங்கள், பார்ப்போம்.